தண்டவாளம் ஏரியைத் தொட்ட இடம்: டுலூத் பயணக் குறிப்புகள்

வியாழன்

அமெரிக்க வரைபடத்தில் மினசோட்டா மாநிலத்து டுலூத்தைத் தேடுபவர்கள் சுப்பீரியர் ஏரியின் மேற்கு மூக்கில் விரலை வைத்தால் போதும். ஏரி அங்கே கூம்பிக் குறுகி முடிகிறது. முடிகிற இடத்தில் ஊர். அட்லாண்டிக் கடலிலிருந்து புறப்படும் கப்பல் ஆறும் ஏரியுமாகக் கடந்து ஏறக்குறைய 3,770 கிலோமீட்டர் உள்ளே வந்து இங்கே நிற்கிறது. அதற்கு மேல் மேற்கே போக வேண்டிய சரக்கு ரயிலில் ஏற வேண்டும். மேற்கிலிருந்து வருகிற சரக்கு கப்பலில் இறங்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக ஊரின் பிழைப்பு இதுதான்.

மினியாபொலிஸிலிருந்து பஸ்ஸில் வந்தேன். சமதரையிலேயே வந்துகொண்டிருந்த நெடுஞ்சாலை ஊருக்குச் சற்று முன்னால் ஒரு மேட்டின் உச்சியை எட்டிச் சட்டென்று இறங்கத் தொடங்குகிறது. கீழே முதலில் கண்ணில் படுவது துறைமுகம். தானியக் கோபுரங்கள், மலைமலையாக நிலக்கரி, தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் இரும்பு மேடைகள், இவற்றுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளங்கள். ஏரி இத்தனைக்கும் பின்னால் இருக்கிறது. பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி. அலை அடிக்கிறது, அக்கரை தெரியவில்லை, நாக்கில் உப்பு மட்டும் ஒட்டவில்லை. 1868-இல் தாமஸ் பாஸ்டர் என்ற பத்திரிகையாசிரியர் ஜூலை 4 விழா மேடையில் இதை ‘உப்பில்லாத கடல்களின் உச்சி நகரம்’ என்று வாயாரப் புகழ்ந்தார். நகரம் என்று அவர் சொன்னபோது இங்கே இருந்தவை சில மரவீடுகள்.

பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே கால்வாய்க்குப் போனேன். டுலூத்தின் துறைமுகத்துக்கும் ஏரிக்கும் நடுவே மினசோட்டா பாயின்ட் என்ற மணல்திட்டு சுமார் 11 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அதற்குள்ளே அலையடிக்காத விரிகுடா. இயற்கை அந்த விரிகுடாவுக்கு வைத்திருந்த வாசல் ஒன்றுதான். அதுவும் எதிர்க்கரையில், விஸ்கான்சின் மாநிலத்து சுப்பீரியர் ஊருக்கு அருகில். ஏரிக்கும் ஊருக்கும் ஒரே பெயர் என்பதால் குழம்ப வேண்டாம். வாசல் பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? டுலூத்காரர்கள் 1870-இல் தங்கள் பக்கம் மணலை வெட்டத் தொடங்கினார்கள்.

இதைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. வழக்குப் போட்ட சுப்பீரியர்காரர்களின் தடையுத்தரவு வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இரவோடு இரவாக வெட்டி முடித்தார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. உண்மையில் வெட்டியது இஷ்பெமிங் என்ற நீராவித் தூர்வாரிக் கப்பல். 1871 ஏப்ரலில் அது மணலைத் துளைத்து ஏரியைத் தொட்டபோது தடையுத்தரவு வந்து சேரவில்லை.

கால்வாய் வந்ததும் மணல்திட்டில் குடியிருந்தவர்கள் தீவுவாசிகள் ஆகிவிட்டார்கள். அவர்களுக்குப் பாலம் கிடைக்க 1905 வரை ஆயிற்று. முதலில் கட்டியதைப் பாலம் என்பதே சரியில்லை. இரண்டு இரும்புக் கோபுரங்களின் உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெரிய கூண்டு. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கூண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தது. பிரான்ஸில் ரூவான் நகரத்தில் இருந்த ஒன்றைப் பார்த்துச் செய்தது. மோட்டார் கார்கள் பெருகிக் கூண்டு திணறியபோது, 1929-30-இல் அதே கோபுரங்களை உயர்த்தி, நடுப்பகுதி முழுவதும் மேலே எழும்பும் தூக்குப் பாலமாக மாற்றினார்கள். இன்றும் ஊரின் அடையாளம் அதுதான். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் முதல் காப்பிக் கோப்பை வரை எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கிறார்கள்.

இருட்டும் நேரத்தில் ஒரு கப்பல் வருகிறது என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். பால் ஆர். டிரெகுர்தா. 309 மீட்டர் நீளம். இந்தப் பேரேரிகளில் ஓடும் கப்பல்களில் இதைவிட நீளமானது கிடையாது. கால்வாயின் அகலம் 91 மீட்டர், கப்பலின் அகலம் 32. அந்தச் சந்துக்குள் ஒரு தெருவே நகர்ந்து போவது மாதிரி அது போயிற்று. கப்பல் மூன்று நீளம், இரண்டு குட்டையாக ஊதல் கொடுக்க, பாலமும் அதேபோல் பதில் ஊதியது. அக்டோபர்க் குளிரில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அது நிலக்கரி ஏற்ற வந்த கப்பல். ஒரு காலத்தில் கிழக்கே பென்சில்வேனியாவிலிருந்து நிலக்கரியைக் கொண்டுவந்து இங்கே கொட்டிவிட்டு, இரும்புத்தாதை ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். இப்போது மேற்கே மொன்டானா, வயோமிங்கிலிருந்து ரயிலில் வரும் நிலக்கரியை இங்கிருந்து கிழக்கே மிச்சிகனின் மின்நிலையங்களுக்கு ஏற்றுகிறார்கள். சரக்கு திசை மாறினாலும் ஊருக்குக் கூலி உண்டு.

வெள்ளி

காலை முழுவதும் பழைய ரயில் நிலையத்தில். 1892-இல் பிரெஞ்சுக் கோட்டை பாணியில், கூர்கோபுரங்களோடு கட்டியது. ஏழு ரயில் கம்பெனிகளின் வண்டிகள் இங்கே வந்து நின்றிருக்கின்றன. உச்சக் காலத்தில் நாளொன்றுக்கு ஐம்பது வண்டிகள் வரை. இப்போது ரயில் அருங்காட்சியகம்.

மினசோட்டாவின் முதல் ரயில் எஞ்சினான வில்லியம் க்ரூக்ஸ் (1861) இங்கேதான் இருக்கிறது. பொம்மை போல் பளபளக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி 227 என்று எண்ணிட்ட யெல்லோஸ்டோன் வகை எஞ்சின், 1941-இல் செய்தது. நிலக்கரி வண்டியோடு சேர்த்து எடை 500 டன்னுக்கு மேல். ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்து போனால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த எண்பது ஆண்டுகளில் இந்த ஊர் எதைச் சுமக்கக் கற்றுக்கொண்டது என்பதற்கு வேறு விளக்கப் பலகை வேண்டியதில்லை.

ஆனால் இங்கே என்னை நிறுத்தி வைத்தது எஞ்சின்கள் அல்ல, ஜே குக் என்ற பெயர். பிலடெல்பியாவைச் சேர்ந்த வங்கிக்காரர். உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் அரசுக்காகக் கடன் பத்திரங்களைப் பொதுமக்களிடம் கூவிக்கூவி விற்றுப் பெயர் வாங்கியவர். போர் முடிந்ததும் அந்த வித்தையை ரயில்பாதைமீது காட்டினார்.

அவர் கண் டுலூத்தின்மேல் விழுந்ததற்குக் காரணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சுப்பீரியர் ஏரி அதற்கு அடுத்த ஹியூரான் ஏரியைவிட ஆறு மீட்டருக்குமேல் உயரம். நடுவே ஆற்றில் பாறையும் நுரையுமான இறக்கம். கப்பல் போக முடியாது. 1855-இல் சூ செயின்ட் மேரியில் மதகுகள் வைத்துக் கப்பல்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் கால்வாய் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் லா பாயின்ட் உடன்படிக்கையில் ஒஜிப்வே பழங்குடி மக்களிடமிருந்து இந்த வடகரை நிலத்தை அரசு எழுதி வாங்கியிருந்தது. அவர்களுக்கு விட்டுவைத்த பகுதிகளில் ஒன்று ஊருக்கு மேற்கே இருக்கிறது. நிலம் கைக்கு வந்த மறு ஆண்டே கப்பல் வழியும் திறந்துவிட்டது என்பதைத் தற்செயல் என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அடியில் செம்பும் இரும்பும் இருக்கின்றன என்ற பேச்சு அப்போதே அடிபட்டுக்கொண்டிருந்தது.

மிசிசிப்பி ஆற்றின் கரையில் மாநிலத் தலைநகர் செயின்ட் பால். ஏரியின் நுனியில் டுலூத். இரண்டையும் இணைக்கும் பாதைக்கு குக் பணம் திரட்டினார். 1870-இல் வண்டி ஓடியது. அதே ஆண்டு பசிபிக் கடல் வரை போகும் நார்தன் பசிபிக் பாதையின் வேலையையும் ஊருக்கு மேற்கே தொடங்கினார்கள். 1869 தொடக்கத்தில் பதினான்கு குடும்பங்கள் இருந்த இடத்தில் அடுத்த ஆண்டு மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டியது.

வாஷிங்டனில் இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்தார்கள். 1871 ஜனவரி 27 அன்று கென்டக்கியைச் சேர்ந்த ஜே. ப்ராக்டர் நாட் நாடாளுமன்றத்தில் எழுந்து, டுலூத் என்ற சொர்க்கத்தைப் பற்றி வஞ்சப்புகழ்ச்சியாக ஒரு நீண்ட உரை ஆற்றினார். அவை குலுங்கிச் சிரித்தது. விவாதத்தில் இருந்த மசோதாவோ டுலூத்துக்கான ரயில்பாதையைப் பற்றியதே அல்ல. விஸ்கான்சின் பக்கத்து வேறு ஒரு பாதை. சம்பந்தமில்லாமல் அடிவாங்கிய ஊர் அதை விளம்பரமாக எடுத்துக்கொண்டது. பின்னாளில் பக்கத்தில் எழுந்த ரயில் குடியிருப்புக்கு அந்த ப்ராக்டர் நாட் பெயரையே வைத்தார்கள். இன்று அது ப்ராக்டர் என்ற ஊர். இந்த நகைச்சுவை உணர்வுக்காகவே டுலூத்தை எனக்குப் பிடித்துப்போயிற்று.

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஆளில்லாத வெட்டவெளியில் ரயில் போட ஆகும் செலவைப் பத்திரங்கள் விற்ற பணம் ஈடுகட்டவில்லை. ஜெர்மானிய முதலீட்டாளர்களின் மனம் குளிர வேண்டும் என்று பாதையோரத்து ஓர் ஊருக்குப் பிஸ்மார்க் என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், அதுவும் பலிக்கவில்லை. 1873 செப்டம்பர் 18 அன்று பிலடெல்பியாவில் குக்கின் வங்கி கதவை மூடியது. நியூயார்க் பங்குச்சந்தை பத்து நாள் அடைத்துக் கிடந்தது. டுலூத்தில் வேலை நின்றது, ஆட்கள் மூட்டை கட்டினார்கள். 1877-இல் நகரம் என்ற அந்தஸ்தையும் இழந்து டுலூத் கிராமமாகிவிட்டது. பிலடெல்பியாவில் ஒருவர் கணக்குப் புத்தகத்தை மூடியதற்கு இங்கே ஓர் ஊர் தேய்ந்து போனது. இதன் தலையெழுத்தை எழுதியவர்கள் யாரும் இங்கே குடியிருந்ததில்லை. குக்குக்கு இங்கே சிலை இருக்கிறது, ஊருக்கு வெளியே அவர் பெயரில் அழகான வனப்பூங்காவும் இருக்கிறது. போட்ட பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு எதுவும் இல்லை.

மீட்டது கோதுமை. தண்டவாளம் போட்டவர் திவாலானாலும் தண்டவாளம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ரெட் ரிவர் சமவெளியில் விளைந்த கோதுமை அதன்மேல் ஓடி வந்து கோபுரக் கிடங்குகளில் ஏறி, கப்பலில் இறங்கி, பஃபலோ வழியாக நியூயார்க் போயிற்று. 1881-இல் தானிய வணிகச் சந்தை ஏற்பட்டது. 1887-இல் டுலூத் மறுபடியும் நகரமாயிற்று.

மதியத்துக்குப் பிறகு ஓயாத மழை. அறைக்குத் திரும்பித் துணி காயவைத்தேன்.

சனி

இங்குள்ள பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் நண்பர் காரோடு வந்துவிட்டார். “தாது ஏறும் இடத்தைப் பார்க்கும் முன் அது கிளம்பும் இடத்தைப் பாருங்கள்” என்றார். வடமேற்கே நூற்றிருபது கிலோமீட்டர், மெசாபி மலைத்தொடர். மலைத்தொடர் என்ற சொல்லை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். மரம் அடர்ந்த நீண்ட மேடு, அவ்வளவே. மலையைத் தோண்டி எடுத்துச் சென்றுவிட்டார்கள் என்று நண்பர் சொன்னார். தோண்டும் முன்பும் பெரிய மலை இல்லை என்பதுதான் உண்மை.

டுலூத்தின் மெரிட் சகோதரர்கள் பல ஆண்டுகள் இந்தக் காட்டில் அலைந்தார்கள். 1890 நவம்பர் 16 அன்று மவுன்டன் அயர்ன் என்ற இடத்தில் அவர்களுடைய ஆட்கள் தாதைக் கண்டார்கள். சுரங்க நிபுணர்கள் நம்பவில்லை. இரும்புத்தாது என்றால் கடினப் பாறையாக ஆழத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் பாடம். இங்கோ மேல்மண்ணை விலக்கினால் போதும், செம்மண் போல மெத்தென்று கிடந்தது. வெடிமருந்தும் சுரங்கப்பாதையும் தேவையில்லை. நீராவி அள்ளுவாளியால் வாரி நேரே ரயில் பெட்டியில் போடலாம். அந்த மென்மையில்தான் இதன் விலையெல்லாம் அடங்கியிருந்தது.

ஆனால் ரயில் இல்லை. இருந்த கம்பெனிகள் இந்தக் காட்டுக்குப் பாதை போட மறுத்தன. மெரிட்கள் தாங்களே டுலூத் மிசாபி அண்டு நார்தன் என்ற ரயில்வேயைத் தொடங்கினார்கள். 1892-இல் முதல் தாது சுப்பீரியர் துறைக்கு வந்தது. மறு ஆண்டு டுலூத்தில் தாதைக் கப்பலில் ஏற்றச் சொந்தத் தாதுத்துறை. எல்லாம் கடன். அந்த 1893-ஆம் ஆண்டிலேயே நாட்டில் மறுபடியும் நிதி நெருக்கடி. கைகொடுக்க வந்தவர் எண்ணெய்க் கோடீஸ்வரர் ஜான் டி. ராக்பெல்லர். கொடுத்த கை சிறிது காலத்தில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. 1894-இல் மெரிட்கள் தங்கள் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார்கள். வழக்குப் போட்டார்கள், நடுவர் குழு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, மேல்முறையீட்டுக்குப் பிறகு 5,25,000 டாலருக்குச் சமரசம் ஆயிற்று. ராக்பெல்லர்மீது குற்றமில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்கள். 1901-இல் சுரங்கம், ரயில், துறை மூன்றும் புதிதாகப் பிறந்த யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகுக் கம்பெனியின் கைக்குப் போயின. ராக்பெல்லரைச் சட்டப்படி குறை சொல்ல இடமில்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. இருக்கலாம். காட்டில் கொசுக்கடி பட்டவர்கள் மெரிட்கள்தான்.

ஹிப்பிங்கில் ஹல்-ரஸ்ட் சுரங்கத்தின் பார்வைமேடையில் நின்றோம். ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குச் சிவப்புப் பள்ளம், அடியில் நீலத் தண்ணீர். எதிர்ச்சரிவில் வேலை நடக்கிறது. ராட்சத லாரிகள் எறும்பாக ஊர்கின்றன. ஊருக்கு அடியிலும் தாது இருப்பது தெரிந்ததும், 1919 முதல் பழைய ஹிப்பிங்கின் வீடுகளை மர உருளைகளில் வைத்து இழுத்து, தெற்கே புதிய இடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். செல்லர்ஸ் ஹோட்டல் மட்டும் வழியில் உருளையிலிருந்து சரிந்து நொறுங்கியது. இந்த ஊரில் 1914-இல் சுரங்கத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற ஒரு காரிலிருந்துதான் கிரேஹவுண்ட் பஸ் கம்பெனி வளர்ந்தது. பாடகர் பாப் டிலன் வளர்ந்த ஊரும் இதுவே, பிறந்தது டுலூத்தில்.

திரும்பும் வழியில் ப்ராக்டர். தாது வண்டிகளைக் கோத்துப் பிரிக்கும் நிலையம் அது. அங்கிருந்து ஏரி வரை செங்குத்தான இறக்கம். ஏற்றிய வண்டிகள் இறங்கும், காலி வண்டிகள் ஏறும். வேண்டிய விதமாகவே பூமி சாய்ந்திருக்கிறது. கடைசியாக மேற்கு டுலூத்தில் ஆறாம் எண் தாதுத்துறை. முதல் உலகப்போர்க் காலத்து எஃகுக் கட்டுமானம்; 700 மீட்டர் நீளம், தண்ணீருக்கு மேல் எட்டு மாடி உயரம். அதன் தலைமேல் ரயில் ஓடும். பெட்டியின் அடிக்கதவைத் திறந்தால் தாது கீழே உள்ள தொட்டிகளில் விழும். தொட்டியின் வாயிலிருந்து சரிவுக்குழாய் வழியாகக் கப்பலின் வயிற்றுக்குள். தூக்குவதற்கு எந்திரம் வேண்டாம்.

இப்போது வருவது அந்தப் பழைய செம்மண் தாது அல்ல. உயர்ந்த ரகத் தாதை இரண்டு உலகப்போர்களும் தின்று தீர்த்துவிட்டன. மிஞ்சியது டாக்கனைட் என்ற கடும்பாறை. இரும்பு கால்பங்கு, முப்பது விழுக்காடு என்ற அளவில். அதை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, கோலி அளவு உருண்டைகளாகச் சுட்டு எடுக்கும் வழியை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஈ. டபிள்யூ. டேவிஸ் பல பத்தாண்டுகள் விடாமல் முயன்று கண்டுபிடித்தார். 1950-களில் ஆலைகள் வந்தன. இந்த ஊர் முழுக்க வெளியூர்ப் பணம் ஆடிய ஆட்டத்துக்கு நடுவே, மாநிலத்து வாத்தியார் ஒருவர் செய்த காரியம் இது. அவருக்கும் ஒரு சிலை வைக்கலாம்.

தண்டவாளத்தின் ஓரத்தில் ஓர் உருண்டை கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், அளவுக்கு மீறிய கனம். விரலில் துருவின் கறை குளித்த பிறகும் போகவில்லை.

ஞாயிறு

காலையில் முதல் தெருவும் கிழக்கு இரண்டாம் அவென்யூவும் சந்திக்கும் முனை. இங்கே 1920 ஜூன் 15 இரவு எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று கறுப்பின இளைஞர்களைக் கும்பல் தூக்கில் போட்டது. ரயிலில் ஊர் ஊராகப் போன சர்க்கஸின் கூலியாட்கள். வெள்ளைப் பெண் ஒருத்தியைக் கெடுத்தார்கள் என்று புரளி. பரிசோதித்த மருத்துவர் அதற்கான தடயத்தைக் காணவில்லை. ஆயிரக்கணக்கானோர் கூடிச் சிறையை உடைத்தார்கள். அந்தப் படத்தை அஞ்சலட்டையாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பல ஆண்டுகள் ஊர் இதைப் பேசவில்லை. 2003-இல் மூவருக்கும் வெண்கல உருவங்களோடு நினைவுச்சுவர் எழுப்பினார்கள். மலைச்சரிவில் செல்வந்தர்களின் மாளிகைகளைக் காட்டும் சுற்றுலாப் பட்டியலோடு இந்த முனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே காலத்து ஊர்தான் இரண்டும்.

பிறகு பாலம் கடந்து சுப்பீரியர். கரையில் மீட்டியர் என்ற விசித்திரக் கப்பல் நிற்கிறது. பருவம் முடிந்துவிட்டதால் வெளியிலிருந்து பார்க்கத்தான் வாய்த்தது. அலெக்சாண்டர் மெக்டூகல் வடிவமைத்த ‘திமிங்கில முதுகு’ வகைக் கப்பல்களில் எஞ்சியிருக்கும் கடைசிக் கப்பல். தட்டையான மேல்தளம் இல்லை. அலை மேலே ஏறி வழிந்து போகட்டும் என்று உருண்டையாகச் செய்திருக்கிறார். 1896-இல் இதே ஊரில் நீரில் இறங்கியபோது இதன் பெயர் பிராங்க் ராக்பெல்லர். ஜான் டி.யின் தம்பி. எங்கே திரும்பினாலும் அந்தக் குடும்பம்! அலையை வென்ற வடிவம் எந்திரத்திடம் தோற்றது: மேலே இருக்கும் வாய்கள் மிகச் சிறியவை, பெரிய வாளிகளால் தாதை அள்ளி இறக்க முடியவில்லை.

1975 நவம்பர் 9 அன்று எட்மண்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்ற கப்பல் 26,000 டன்னுக்கும் மேல் டாக்கனைட் உருண்டைகளோடு இந்தச் சுப்பீரியரிலிருந்துதான் கிளம்பியது. மறுநாள் இரவு புயலில் மூழ்கியது. இருந்த 29 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இங்கே நவம்பர் என்றால் இன்றும் கப்பல்காரர்கள் குரல் சற்று மாறுகிறது. ஜனவரி நடுவில் சூ மதகுகளை மூடினால் மார்ச் கடைசியில்தான் திறப்பார்கள். அதற்குள் ஏற்றியனுப்ப வேண்டியதை அனுப்பிவிட வேண்டும் என்ற அவசரமும் அந்த மாதத்துக்கே உரியது.

1960-இல் ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது, 2020-இல் 86,697. ஊருக்கு மேற்கே யு.எஸ். ஸ்டீல் கட்டிய எஃகாலை மூடிவிட்டது. கிடங்குகளில் பாதி ஹோட்டல்கள், பீர்க்கடைகள். ஆனாலும் சரக்கின் எடையில் பேரேரிகளின் முதல் துறைமுகம் இதுவே. வேலையாட்கள் குறைந்துவிட்டார்கள், சரக்கு நின்றுவிடவில்லை.

நண்பர் பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். ரயிலில் திரும்பலாம் என்றால் வழியில்லை. 1870-இல் தொடங்கிய பயணிகள் போக்குவரத்து, கடைசியாக ஓடிய நார்த் ஸ்டார் வண்டியோடு 1985-இல் நின்றுவிட்டது. மறுபடியும் விட வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகப் பேசுகிறார்கள்; நார்தன் லைட்ஸ் எக்ஸ்பிரஸ் என்று பெயர்கூடத் தயார். 2023-இல் மாநிலச் சட்டமன்றம் பணமும் ஒதுக்கியது.

“எப்போது ஓடும்?” என்று கேட்டேன்.

“செயின்ட் பாலில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும்” என்றார் நண்பர். “இங்கே கேட்டு என்ன பயன்?”